விளக்கு எண்ணியவர்கள்

வீடு கட்டுகிறவர் கொத்தனாரிடம் பேரம் பேசுவார். தச்சரிடம் சண்டை கூடப் போடுவார். மின்சாரக் காண்டிராக்டரிடம் மட்டும் கொஞ்சம் அடங்கித்தான் பேசுவார். அவர் போடுகிற கணக்கு நமக்குப் புரிவதில்லை என்பதுதான் காரணம். செங்கல்லை எண்ணிப் பார்க்கலாம். மரத்தைத் தட்டிப் பார்க்கலாம். சுவருக்குள் ஓடி மறைந்துபோகிற கம்பியை என்ன செய்வது? இத்தனை பாயிண்ட், இத்தனை சுருள் கம்பி, கூலி இவ்வளவு என்று ஒரு காகிதம் வந்து சேருகிறது. தலைப்பில் 'எஸ்டிமேட்' என்று போட்டிருக்கிறது. நாமும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தலையை ஆட்டுகிறோம்.

அந்தக் காகிதத்தைக் காண்டிராக்டரே எழுதியிருக்க வேண்டும் என்பதில்லை. தொழில் கொஞ்சம் பெருத்துவிட்டால் அதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறார். அந்த ஆள் கட்டடத்தின் படத்தை விரித்துவைத்து அளக்கிறார், பெருக்குகிறார், கூட்டுகிறார். கடைசியில் ஒரு தொகையைச் சொல்லுகிறார். முதலாளி கையெழுத்துப் போடுகிறார். தொகை குறைவாகப் போய்விட்டால் நஷ்டம் முதலாளிக்கு. கூடுதலாகப் போய்விட்டாலோ, வேலையே அடுத்த கடைக்காரருக்கு! மாதச் சம்பளம் வாங்குகிற ஒருவருடைய பென்சில் நுனியில் இன்னொருவருடைய சொத்து முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்த விசித்திரமான உறவின் பழைய கதையைத் தேடிக்கொண்டு போனால், சென்ற நூற்றாண்டுக்கும் முந்தின நூற்றாண்டில், நியூயார்க் நகரத்துத் தெருக்களில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

1878-ஆம் வருஷம் தாமஸ் ஆல்வா எடிசன் ஒரு பெரிய வார்த்தை சொல்லிவிட்டார். நியூயார்க்கின் தென்பகுதி முழுவதற்கும் மின்சார விளக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். பணக்காரர்கள் பணத்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அக்டோபர் மாதத்தில் ஒரு கம்பெனியே ஆரம்பமாகிவிட்டது. ஒளிவிட்டு நீடித்து எரியும் பல்பு மட்டும் இன்னும் பிறக்கவில்லை!

எடிசனுக்குக் கையும் மூளையும் மின்னல் வேகத்தில் வேலை செய்யும். ஆனால் உயர்தரக் கணிதத்தில் பயிற்சி கிடையாது. அது அவருக்கே நன்றாகத் தெரியும். அந்த வருஷக் கடைசியில் பிரான்சிஸ் அப்டன் என்ற வாலிபரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டார். பிரின்ஸ்டனில் படித்துவிட்டு, பெர்லினில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற மகாமேதையிடம் பாடம் கேட்டவர் அப்டன். கரிபிடித்த கைகளோடு திரிந்த மென்லோ பார்க் பட்டறைக்காரர்கள் அவருக்குக் 'கல்ச்சர்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு கண்ணாடிக் குமிழின் கன அளவைக் கண்டுபிடிக்கச் சொன்னதும் அப்டன் காகிதமும் கையுமாக உட்கார்ந்து வெகுநேரம் கணக்குப் போட்டாராம். எடிசன், குமிழுக்குள் தண்ணீரை ஊற்றி அளந்தால் தீர்ந்தது என்றாராம். இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் அப்டன் செய்த பெரிய காரியத்தைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அது செம்புக் கணக்கு. பல்பு எரிந்தால் மட்டும் போதாது. தெருத் தெருவாகக் கம்பி போக வேண்டும். கம்பி என்றால் செம்பு. செம்பு என்றால் பணம். ஒரு விளக்குக்கு வேண்டிய சக்தியைக் குறைந்த அழுத்தத்தில் நிறைய ஓட்டமாக அனுப்பலாம். அல்லது அதிக அழுத்தத்தில் கொஞ்ச ஓட்டமாக அனுப்பலாம். அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால், வழியில் வீணாகும் பங்கு மாறாமலே, கால் பங்குச் செம்போடு காரியம் முடிந்துவிடும். அன்றைக்கு மற்றவர்கள் பரீட்சை செய்துகொண்டிருந்த குறைந்த தடையுள்ள விளக்குகளை ஊர் முழுவதும் போட்டால் செம்பு வாங்கியே கம்பெனி திவாலாகிவிடும் என்று அந்தக் கணக்குக் காட்டியது. ஆகையால் பல்புக்குள் இருக்கும் இழை மெல்லியதாக, தடை மிகுந்ததாக இருந்தே தீரவேண்டும். எடிசன் ஆயிரம் பொருள்களைக் கரியாக்கிப் பார்த்த கதை நமக்கெல்லாம் பாடப்புத்தகத்தில் வருகிறது. எப்படிப்பட்ட இழையைத் தேடவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது ஓர் எஸ்டிமேட் என்பது அதில் வருவதில்லை.

செம்புக் கணக்கு அதோடு நிற்கவில்லை. மரம் கிளை விடுவதுபோல் அடியில் பருத்து நுனியில் சிறுத்துக்கொண்டே போகும் கம்பிகளை ஒன்பது தெருக்கட்டங்களுக்கு மட்டும் போட்டுப் பார்த்தால், 8 லட்சம் ராத்தல் செம்பு ஆகும் என்று வந்தது. அன்றைய விலையில் சுமார் 2 லட்சம் டாலர்! எடிசன் வேறு வழி கண்டார். நிலையத்திலிருந்து ஊட்டுக் கம்பிகளைத் தனியாகக் கொண்டுபோய்த் தெருக்கம்பிகளில் அங்கங்கே சேர்த்தார். செம்பு சுமார் 1,29,000 ராத்தலாக இறங்கியது. செலவு 32,000 டாலராக விழுந்தது. சம்பளக்காரராக வந்த அப்டன், சம்பளத்துக்குப் பதிலாக விளக்குத் தொழிலில் நூற்றுக்கு ஐந்து பங்கு பெற்றார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கணக்குப் போடுகிறவருக்கும் லாப நஷ்டத்தில் பங்கு இருந்தால் பென்சில் சற்று ஜாக்கிரதையாகவே ஓடும் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவும் காகிதத்தில் போட்ட கணக்கு. என் மனசுக்குப் பிடித்த ஆள் அப்டன்கூட இல்லை. பெயர் தெரியாத ஒருவர் இருக்கிறார். எடிசன் பிற்காலத்தில் தாமே சொன்ன விஷயம் இது. எந்தத் தெருவுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கும் என்று அறிவதற்காக, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் படங்களையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார். ஓர் ஆளையும் கூலிக்குப் பிடித்தார். அந்த ஆளுக்கு என்ன வேலை தெரியுமா? பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டுத் தெருக்களைச் சுற்றி, எந்தெந்தக் கட்டடத்தில் எத்தனை காஸ் விளக்கு எரிகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று மணிக்கு மறுபடி ஒரு சுற்று. நாலு மணிக்கு மறுபடி. இப்படியே இரவு இரண்டு மூன்று மணி வரையில்! மற்றப் பகுதிகளுக்கு மற்ற ஆட்கள். ஒவ்வொரு குடித்தனக்காரரும் எவ்வளவு காஸ் எரிக்கிறார், எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறார் என்பது காஸ் கம்பெனிக்குத் தெரிந்ததைவிட எடிசனுக்கு நன்றாகத் தெரிந்துபோயிற்று. ஊர் உறங்கும் நேரத்தில் ஒரு மனிதர் கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஜன்னல் ஜன்னலாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு போவதைப் போலீஸ்காரர்கள் எப்படி விட்டுவைத்தார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

1882 செப்டம்பர் 4-ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்குப் பேர்ல் தெரு நிலையத்திலிருந்து மின்சாரம் புறப்பட்டது. 400 விளக்குகள் எரிந்தன. விளக்கு இல்லாத இடத்துக்கு ஓரடிக் கம்பி போகவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எங்கே எத்தனை விளக்கு இருக்கும் என்று தெரியாமல் போன கம்பி குறைவு.

இதே எடிசன் பல்பு விற்ற கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். பல்பு ஒன்றுக்கு 40 செண்ட் என்று விலை பேசிவிட்டார். முதல் வருஷம் அதைச் செய்யப் பிடித்த செலவு 1 டாலர் 10 செண்ட். இரண்டாம் வருஷம் 70 செண்ட். மூன்றாம் வருஷம் சுமார் 50 செண்ட். செலவு இறங்கிக்கொண்டே வந்தும் நஷ்டம் ஏறிக்கொண்டே போயிற்று. விற்பனை அவ்வளவு வேகமாகப் பெருகிவிட்டது. நாலாம் வருஷம் செலவு 37 செண்டுக்கு வந்தது. மூன்று செண்ட் லாபம்! அந்த ஒரு வருஷத்திலேயே பழைய நஷ்டமெல்லாம் திரும்பி வந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். கடைசியில் 22 செண்டுக்கே செய்து 40-க்கு விற்றாராம். இதை எஸ்டிமேட் என்பதா, சூதாட்டம் என்பதா? நான் சூதாட்டம் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு பல்பிலும் எத்தனை செண்ட் போகிறது என்று தெரிந்துகொண்டே நஷ்டப்பட்டார் மனுஷர். தெரிந்து படுகிற நஷ்டத்துக்கும் தெரியாமல் விழுகிற நஷ்டத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு.

தெரியாமல் விழுந்த நஷ்டத்தின் கதை இனிமேல்தான் வருகிறது.

1883-இல் எடிசன் தாமே காண்டிராக்டராக இறங்கினார். சிற்றூர்களுக்கு மின்நிலையம் கட்டித் தருவதற்கென்று கட்டுமான இலாகா ஒன்றை ஏற்படுத்தினார். முதலில் ஆள் போய் ஊரைச் சுற்றி விளக்கு எண்ணுவார், பிறகு படம் வரும், பிறகு எஸ்டிமேட். கம்பியின் கனத்தைத் தீர்மானிப்பது மட்டும் பெரிய தொல்லையாக இருந்தது. நியூயார்க்குக்காக ஹெர்மன் கிளாடியஸ் என்ற ஆஸ்திரியர், ஊரின் கம்பிகளையெல்லாம் பலகைமேல் சிறிய கம்பிகளால் பொம்மைபோலச் செய்து வைத்து அளந்து பார்த்திருந்தார். ஊருக்கு ஊர் பொம்மை செய்து கட்டுபடியாகுமா?

அந்தச் சமயத்தில் கடற்படை உத்தியோகத்தை உதறிவிட்டு எடிசனிடம் வந்து சேர்ந்தார் பிராங்க் ஸ்பிரேக். வயசு இருபத்தைந்து இருபத்தாறு. கணக்கில் புலி. பலகையும் வேண்டாம், பொம்மையும் வேண்டாம் என்று கணித முறையிலேயே ஊட்டுக் கம்பிக்கும் தெருக்கம்பிக்கும் அளவு சொல்லிவிட்டார். எடிசன் போட்டிருந்த முறையிலேயே திருத்தங்கள் செய்தார். பென்ஸில்வேனியாவில் ஸன்பரி என்ற சிற்றூரில் 1883 ஜூலை 4-ஆம் தேதி மூன்று கம்பி முறையில் விளக்குகள் எரிந்தன. அங்கேயும் ஸ்பிரேக் இருந்தார். ஆனால் கட்டுமான இலாகா நீடிக்கவில்லை. ஊர் ஊராக விளக்கு எண்ணி எஸ்டிமேட் போட்ட செலவை யார் தலையில் கட்டுவது என்று தாய்க் கம்பெனியோடு தகராறு. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எஸ்டிமேட் போடுகிறவருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும் அல்லவா? இந்தத் தொழிலில் உள்ள யாரையாவது கேளுங்கள். இந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை என்பார்கள். 1884-இல் இலாகா கலைந்தது. ஸ்பிரேக்கும் அதே வருஷம் விலகித் தமக்கென்று ஒரு கம்பெனி வைத்துக்கொண்டார்.

நேற்று வரை பிறருக்குக் கணக்குப் போட்டவர் இப்போது முதலாளி. 1887-இல் வர்ஜீனியாவில் ரிச்மண்ட் நகரத்து டிராம் வேலை அவரைத் தேடி வந்தது. 12 மைல் பாதைக்கு மேல்கம்பி, 375 குதிரைச் சக்தியுள்ள நிலையம், 40 வண்டிகள், அவற்றுக்கு 80 மோட்டார்கள். எல்லாவற்றையும் 90 நாளில் முடிக்க வேண்டும். திருப்தியாக இருந்தால் 1,10,000 டாலர். திருப்தி இல்லையென்றால் ஒன்றுமில்லை! உலகத்தில் அதுவரை யாரும் இவ்வளவு வண்டிகளை மின்சாரத்தில் ஓட்டிக் காட்டியதில்லை. கையெழுத்துப் போட்ட அன்று பாதையில் தண்டவாளமே போடவில்லை. மோட்டார்களில் பாதி வரைபடமாகக்கூட முற்றுப்பெறவில்லை. மேடு நூற்றுக்கு எட்டு என்று காகிதத்தில் இருந்தது. விளக்கு எண்ணியவர்களின் நோட்டுப் புத்தகங்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கணக்குப் போட்ட அதே ஸ்பிரேக், இந்த ஊரின் மேட்டில் ஏறி நடந்து பார்க்காமல் ஒப்புக்கொண்டுவிட்டார்.

போதாக்குறைக்கு டைபாய்டு ஜுரம் வந்து படுத்துவிட்டார். எழுந்து வந்து ரிச்மண்டின் குன்றுகளைக் கண்ணால் பார்த்தபோது, ஓரிடத்தில் மேடு நூற்றுக்குப் பத்து! எட்டுக்கும் பத்துக்கும் இரண்டுதானே என்று நமக்குத் தோன்றும். நிறை வண்டியை இழுத்துக்கொண்டு ஏறுகிற மோட்டாரைக் கேட்டால் அது வேறு பதில் சொல்லும்.

சொல்லவும் சொல்லிற்று. அந்த நவம்பரில் ஓர் இரவு, மேடு ஏறுமா என்று பார்க்க ஒரு வண்டியை ஓட்டினார்கள். ஏறியது. ஏறின பிறகு மோட்டார் சூடேறிக் கருகிவிட்டது. நாடகக் கொட்டகையிலிருந்து வீடு திரும்பிய ஜனங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஸ்பிரேக் கொஞ்சமும் முகம் மாறாமல், சின்னக் கோளாறுதான், கருவிகள் வேண்டும் என்று சொல்லித் தம் உதவியாளரை அனுப்பிவிட்டு, விளக்கை அணைத்து வண்டிக்குள்ளேயே படுத்துக்கொண்டார். கூட்டம் கலைந்த பிறகு கருவிகள் வந்து சேர்ந்தன: நாலு கோவேறு கழுதைகள்! மின்சார வண்டியை அவை இழுத்துக்கொண்டு போய்க் கொட்டகையில் சேர்த்தன. ஏட்டுச் சுரைக்காய் என்று நம்மவர்கள் சொல்லுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆனாலும் மனுஷர் விடவில்லை. மோட்டார்களைத் திரும்பத் திரும்ப மாற்றினார். மேல்கம்பியைத் தொடும் கம்பத்தின் நுனியை எத்தனையோ விதமாகச் செய்து பார்த்தார். (நம் சென்னையில் 1895-இல் ஓடத் தொடங்கி 1953-இல் நின்றுபோன டிராமும் முதலில் பூமிக்கடியில் மின்சாரம் வைத்துப் பார்த்து, மழையிடம் தோற்று, பிறகு மேல்கம்பிக்கு வந்ததுதான்.) 1888 பிப்ரவரி முதல் வாரத்தில் ரிச்மண்டில் ஒழுங்கான போக்குவரத்து ஆரம்பமாயிற்று. கணக்கை முடித்தபோது ஸ்பிரேக்குக்குத் துண்டு விழுந்த தொகை ஏறக்குறைய 75,000 டாலர். அறிவுள்ள மனிதன் எவனும் ஒப்புக்கொள்ளக்கூடாத ஒப்பந்தம் என்று பிற்காலத்தில் தாமே சொல்லிக்கொண்டார்.

பிறகு பாஸ்டனிலிருந்து ஹென்றி விட்னி என்ற டிராம் கம்பெனித் தலைவர் ரிச்மண்டைப் பார்க்க வந்தார். ஆயிரக்கணக்கான குதிரைகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவர். அவரோடு வந்த மானேஜருக்கு ஒரு சந்தேகம். தெருவில் ஏதோ தடங்கலால் வண்டிகள் ஓரிடத்தில் குவிந்துவிட்டால், எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்ப மின்சாரம் தாங்குமா? நியாயமான கேள்வி. அந்தப் பகுதிக்குப் போட்டிருந்த கம்பி நாலு வண்டிகளுக்குக் கணக்கிட்டது.

இந்தத் தடவை ஸ்பிரேக் காகிதத்தை எடுக்கவில்லை. இரவு போக்குவரத்து ஓய்ந்த பிறகு 22 வண்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக நெருக்கி நிறுத்தினார். நிலையத்தில் அழுத்தத்தை 500 வோல்ட்டுக்கு ஏற்றி, என்ன நேர்ந்தாலும் இறக்காதே என்று இன்ஜினீயருக்கு உத்தரவு போட்டார். பாஸ்டன்காரரைப் படுக்கையிலிருந்து எழுப்பி அழைத்துவந்தார். விளக்கு அசைந்தது, முதல் வண்டி கிளம்பியது. அதன்பின் அடுத்தது, அதன்பின் அடுத்தது. வண்டிகளில் இருந்த விளக்குகள் மங்கி மங்கி வெறும் சிவப்பு இழையாகிவிட்டன. 500 வோல்ட் 200-க்கு இறங்கிற்று. ஆனால் ஒரு வண்டிகூட நிற்கவில்லை. 22 வண்டிகளும் இருட்டில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் மறைந்தன.

பாஸ்டன் மின்சாரத்துக்கு மாறிற்று. 1889-க்குள் ஸ்பிரேக்கின் சாமான்களைக் கொண்டு 110 டிராம் பாதைகள் கட்டப்பட்டுக்கொண்டோ திட்டமிடப்பட்டோ இருந்தன. 1890-இல் அவருடைய கம்பெனியை, அவர் ஒரு காலத்தில் சம்பளத்துக்குக் கணக்குப் போட்ட எடிசனின் பெயர் தாங்கிய கம்பெனியே விலைக்கு வாங்கிக்கொண்டது.