அரசனின் தங்கமும் தொழிலாளியின் பாணும்: பண்டைய எகிப்து விட்டுச்சென்ற சான்றுகள்

பண்டைய எகிப்து என்றதும் பிரமிட்டுகளும் தங்க முகமூடியும்தான் பலருக்கு நினைவில் வருகின்றன. ஆனால் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்த மண் காத்துவைத்தவை அரசர்களின் செல்வம் மட்டுமல்ல. அரச கல்லறைகளை வெட்டிய தொழிலாளர்களின் வீடுகளும், உடைகளும், உணவும், முறைப்பாடுகளும் கூடக் கிடைத்துள்ளன.

அழிக்கப்பட்ட பெயர்

கி.மு. 14ஆம் நூற்றாண்டில் சிறுவயதிலேயே அரியணை ஏறிய துட்டன்காமன், ஏறத்தாழ 19 வயதில் இறந்தார். பழைய தெய்வங்களை ஒதுக்கிய அக்கெனாட்டனின் வழிவந்தவர் என்பதால், பின்வந்த அரசர்கள் அவரைப் பட்டியலிலிருந்தே நீக்கினர். அவரது சிலைகளில் ஹொரெம்ஹெப் என்ற அரசர் தன் பெயரைப் பொறித்துக்கொண்டார். பெயர் நிலைத்திருக்கும்வரையே இறந்தவர் வாழ்கிறார் என நம்பிய சமூகத்தில், பெயரை அழிப்பது இன்னொரு மரணத்துக்குச் சமம்.

ஆனால் அந்த மறதியும் அவரது கல்லறையைக் காத்தது. பிற்காலத்தில் ஆறாம் ராம்சேஸின் கல்லறையை வெட்டிய தொழிலாளர்கள், அதன் வாயிலுக்கு மேலேயே தங்கள் குடிசைகளை அமைத்திருந்தனர். 1922 நவம்பர் 4ஆம் திகதி, ஹோவார்ட் கார்ட்டரின் குழுவினர் அந்தக் குடிசைகளின் கீழே முதல் படிக்கட்டைக் கண்டனர்.

உள்ளே 5,000இற்கும் மேற்பட்ட பொருட்கள் இருந்தன. தங்க முகமூடி மட்டும் சுமார் 10 கிலோ எடை கொண்டது. அவற்றோடு ஊன்றுகோல்கள், செருப்புகள், விளையாட்டுப் பலகைகள், உணவுப் பெட்டிகள், பாட்டி தீயேயின் ஒரு கற்றைத் தலைமுடி ஆகியனவும் வைக்கப்பட்டிருந்தன. இரண்டு சிறிய பேழைகளில், அவரது மகள்மார் எனக் கருதப்படும், பிறக்கும்போதே இறந்த இரு சிசுக்களின் உடல்கள் இருந்தன. அந்தப் பேழைகளில் பெயர் எழுதப்படவில்லை.

தொழிலாளர் கிராமம்

அரச கல்லறைகளை வெட்டி, ஓவியம் தீட்டியவர்கள் நைல் நதியின் மேற்குக் கரையில், இன்று டெய்ர் எல்-மெடினா என அழைக்கப்படும் கிராமத்தில் வாழ்ந்தனர். பாப்பிரஸ் தாள் விலை கூடியது என்பதால், அன்றாடக் குறிப்புகளைச் சுண்ணாம்புக்கல் துண்டுகளிலும் உடைந்த மட்பாண்ட ஓடுகளிலும் எழுதினர். பிரித்தானிய நூதனசாலையில் உள்ள அத்தகைய ஒரு கல், வேலைக்கு வராதோரின் பதிவேடு. தேள் கொட்டியது, கண்நோய், பியர் காய்ச்சியது, தாயின் உடலை அடக்கத்துக்காகச் சுற்றியது எனக் காரணங்கள் அதில் உள்ளன.

மூன்றாம் ராம்சேஸின் 29ஆவது ஆட்சியாண்டில், கூலியாக வழங்கப்பட்ட தானியம் தாமதமானது. தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களுக்கு அருகே சென்று அமர்ந்தனர். பசியும் தாகமுமே தங்களை அங்கு வரச்செய்தன என்றும், உடையோ மீனோ மரக்கறியோ இல்லை என்றும் அதிகாரிகளிடம் கூறினர். பதிவுகளில் உள்ள உலகின் மிகப் பழைய பணிப்பகிஷ்கரிப்பு இதுவெனக் கருதப்படுகிறது. அதனைக் கூறும் பாப்பிரஸ் இத்தாலியின் டியூரின் நகரில் உள்ளது.

அதே கிராமத்தின் மேற்பார்வையாளர் காவும் மனைவி மெரிட்டும் அடக்கம் செய்யப்பட்ட கல்லறை 1906இல் சிதையாமல் கண்டெடுக்கப்பட்டது. கட்டில்கள், உடைகள், மெரிட்டின் பொய்முடி, அவர்களுக்காக வைக்கப்பட்ட பாண் என்பன இன்று டியூரின் நூதனசாலையில் உள்ளன.

காவல் நின்ற மக்கள்

இத்தனை ஆண்டுகள் தப்பியவையும் நிரந்தரப் பாதுகாப்பில் இல்லை. 2011 ஜனவரி 28ஆம் திகதி, மக்கள் எழுச்சியின்போது கெய்ரோ நூதனசாலைக்குள் நுழைந்தவர்கள் கண்ணாடிப் பேழைகளை உடைத்தனர். துட்டன்காமனின் சிலைகள் சிலவும் சேதமடைந்தன. அப்போது பொதுமக்கள் கைகோத்துக் கட்டடத்தைச் சுற்றிக் காவல் நின்றனர். 2013 ஓகஸ்ட்டில் மல்லாவி நகர நூதனசாலை சூறையாடப்பட்டது. அங்கிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களில் பெரும்பாலானவை களவுபோயின. பின்னர் பல மீட்கப்பட்டு, 2016இல் அது மீண்டும் திறக்கப்பட்டது.

துட்டன்காமனின் பெயரை நீக்கியவர்கள் ஆட்சியிலிருந்தவர்கள். தானியம் கேட்டு அமர்ந்தவர்களின் சொற்களை எழுதி வைத்தவர் ஒரு சாதாரண கிராம எழுத்தர். இரண்டில் எழுத்தரின் குறிப்பே நிலைத்தது.