தொப்பியிலிருந்து இறங்கிய பறவைகள்

மே மாதத்தின் முற்பகுதியில் நியூயோர்க் நகரின் சென்ட்ரல் பார்க்குக்கு அதிகாலையில் செல்பவர்கள் ஒரு காட்சியைக் காணலாம். பத்துப் பதினைந்து பேர் கழுத்தில் தொலைநோக்கியுடன், பேச்சைக் குறைத்து, ஒருவர் பின் ஒருவராக நடந்து செல்வர். முன்னே செல்லும் வழிகாட்டி நின்று ஒரு கிளையைச் சுட்டுவார். எல்லாத் தலைகளும் நிமிரும். தெற்கே குளிர்காலத்தைக் கழித்துவிட்டு இனப்பெருக்கத்திற்காக வடக்கே செல்லும் சிறு குருவிகள், இரவெல்லாம் பறந்த களைப்பில் அந்தப் பசுந்திட்டில் இறங்கும் பருவம் அது. வசந்தகாலப் பறவை நடை இன்று ஓய்வுபெற்றோரின் பொழுதுபோக்காகவே கருதப்படுகின்றது. ஆனால், அமெரிக்காவில் அது ஒரு போராட்டத்தின் கருவியாகப் பிறந்தது.

1886ஆம் ஆண்டில் பிராங்க் சப்மன் என்ற இளைஞர் நியூயோர்க்கின் கடைவீதிகளில் இரு மாலைப்பொழுதுகள் நடந்து, எதிரே வந்த பெண்களின் தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542இல் பறவைகளின் இறகுகள் இருந்தன. சிலவற்றில் முழுப் பறவையே பாடஞ்செய்து பொருத்தப்பட்டிருந்தது. அவர் அடையாளங்கண்ட இனங்கள் 40. காட்டுக்குச் செல்லாமலே ஒரு பறவைப் பட்டியலைத் தயாரித்துவிட்டார் சப்மன்.

அதே ஆண்டில், மசாசுசெட்ஸ் மாநிலத்தின் ஸ்மித் மகளிர் கல்லூரியில் பயின்ற புளோரன்ஸ் மெரியம், தம் தோழியருடன் சேர்ந்து அங்கே ஓர் ஓடபன் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோழியர் பலரின் தொப்பிகளிலும் இறகுகள் இருந்தன. அவர்களைக் கடிந்துகொள்வதால் பயனில்லை என்று கருதிய மெரியம், அவர்களை வயலுக்கும் சோலைக்கும் அழைத்துச் சென்று உயிருள்ள பறவையைக் காட்டினார். இயற்கை எழுத்தாளர் ஜோன் பரோஸ் அந்த வசந்தத்தில் கல்லூரிக்கு வந்து மாணவியருடன் காலை நடை சென்றார். பறவையோடு அறிமுகமானவள் அதைத் தலையில் சூட மாட்டாள் என்பதே மெரியத்தின் கணக்கு. பிரசாரத்தில் இதைவிட நுட்பமான உத்தியை நான் அதிகம் அறிந்ததில்லை.

இதில் இன்னொரு புரட்சியும் இருந்தது. அக்காலப் பறவையியலாளரின் முதற் கருவி துப்பாக்கி. சுட்டு வீழ்த்திக் கையில் எடுத்துப் பார்த்தாலன்றி இனத்தை நிச்சயிக்க முடியாதென்பது அன்றைய நியதி. சங்கத்திற்குப் பெயர் தந்த ஓவியர் ஓடபனும் எண்ணற்ற பறவைகளைச் சுட்டு வீழ்த்தியே வரைந்தவர். அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெரியமோ நாடக அரங்குகளில் மேடையைப் பார்க்கப் பயன்பட்ட சிறு கண்ணாடியைக் கொண்டு பறவையைப் பார்க்கக் கற்பித்தார். 1889இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பிலேயே அக்கண்ணாடி இடம்பெற்றது. பின்னர் தலைநகர் வொஷிங்டனிலும் அவர் பறவை வகுப்புகளை நடத்தினார்.

எதிர்ப்பக்கத்தில் பெரும் பணம் இருந்தது. 1903இல் வெண்கொக்கின் இனப்பெருக்ககால இறகு ஓர் அவுன்ஸ் 32 டொலருக்கு விற்றது. ஓர் அவுன்ஸ் தங்கம் அப்போது 21 டொலருக்கும் குறைவு. அந்த இறகு கூடுகட்டும் பருவத்தில்தான் வளரும் என்பதால், தாய் சுடப்பட்டபின் குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் மாண்டன. பொஸ்டனில் ஹரியட் ஹெமன்வேயும் மின்னா ஹோலும் 1896இல் செல்வந்தப் பெண்களைத் தேநீருக்கு அழைத்து, ஏறத்தாழ 900 பேரை இறகைத் துறக்கச் செய்தனர். தேநீர் விருந்தென்று இதனை எளிதாக எண்ணிவிடலாகாது. புளோரிடாவின் சதுப்பு நிலங்களில் கொக்குகளைக் காத்துநின்ற காவலர் கை பிராட்லி 1905இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1916இல் அமெரிக்காவும், கனடாவின் சார்பில் பிரித்தானியாவும் வலசைப் பறவைகளைக் காக்கும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. 1918இல் அமெரிக்கா அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. பயணிப்புறாவுக்கு அது காலங்கடந்த சட்டம். அதன் கடைசிப் பறவை 1914இலேயே சின்சினாட்டி மிருகக்காட்சிச்சாலையில் இறந்துவிட்டது.

அதே 1918இல்தான் ஒன்ராறியோவின் தென்கோடியில் பொயின்ட் பீலி தேசியப் பூங்கா அமைந்தது. ரொறன்ரோவில் வாழும் நம்மவர்களுக்கு அது காரில் சில மணி நேரப் பயணம். ஈரி ஏரிக்குள் கூராக நீண்ட மணல்முனை அது. ஏரியைக் கடந்து களைத்து வரும் குருவிகள் முதலில் காணும் தரை அந்த முனையே. காட்டில் பூச்சியுண்ணும் குருவிகள், சதுப்பில் நாணற் பறவைகள், கரையில் உள்ளான்கள் என ஒரே காலையில் மூன்று உலகங்களைக் காணலாம். பறவை நடைகளின் வழித்தடம் இவ்வாறு நிலத்துக்கு நிலம் மாறிச் செல்வதன் காரணமும் இதுவே. நமது நாட்டிலோ வசந்தம் பறவைகள் புறப்படும் காலம். ஆறுமணிக்குருவி சித்திரை மட்டில் இலங்கையை விட்டு வடக்கே இந்தியாவுக்குப் போய்விடும்.

பிற்காலத்து வழிகாட்டிகளில் ஸ்டார் சபீர் குறிப்பிடத்தக்கவர். பல தசாப்தங்களாகச் சென்ட்ரல் பார்க்கில் நடைகளை நடத்திய இவர் பெற்ற கட்டணம் ஆளுக்கு 8 டொலர். 2012இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில் அவரைக் காணலாம். தீராத புற்றுநோய் என்று தெரிந்த பின்னரும், கண்ட பறவைகளை நாள்தோறும் குறிப்பேட்டில் பதிந்தபடி, ஒவ்வொரு வசந்தத்திலும் அவர் முன்னே நடந்தார். 2013இல் காலமானார்.