பவணந்தி முனிவரும் எங்க ‘கிளீன்’ கமாண்டும்

திருப்பூர்ல ஒரு சின்ன பனியன் கம்பெனிக்காக ஸ்டாக் கணக்கு டூல் ஒண்ணு எழுதியிருந்தோம். சாயப்பட்டறைக்கு எத்தனை கிலோ துணி போச்சு, எத்தனை திரும்பி வந்துச்சு, எல்லாம் அதுல பதிவாகும். அதுல ‘கிளீன்’னு ஒரு கமாண்ட். அதைப் பற்றி டாக்குமென்டேஷனில் இருந்தது ஒரே வரிதான்: “பழைய பதிவுகளை நீக்கும்.”

பழையன்னா போன நிதியாண்டோடதுன்னு அங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஒரு ஏஐ கோடிங் ஏஜென்ட்டுக்கு மட்டும் தெரியாது. டூல் மெதுவா ஓடுது, என்னன்னு பாருன்னு விட்டோம். அது அந்த வரியைப் படிச்சது, கமாண்டை ஓட்டிருச்சு. நேத்து வரைக்கும் இருந்த பதிவு அத்தனையும் போச்சு. ரெண்டு நாள் டெலிவரி சலானை வச்சுக்கிட்டு திரும்ப ஏத்தினோம். கணக்குப் பாக்குற அண்ணன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: “ஏந்தம்பி, பழசுன்னா எதுன்னு அதுக்கு யாராச்சும் சொன்னீங்களா?”

இந்தக் கேள்வியை 800 வருஷம் முன்னாடியே யோசிச்ச ஒருத்தர் நம்ம பக்கத்துக்காரர். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர். சமணத் துறவி. கங்க மரபைச் சேர்ந்த சீயகங்கன் கேட்டுக்கொண்டதால் எழுதினார். அவருடைய ஊர் சனகை. அது பெருந்துறை பக்கத்துல இருக்கிற சீனாபுரம்தான்னு கொங்கு நாட்டுல சொல்வாங்க. மைசூர் பக்கம்னு சொல்றவங்களும் உண்டு. நான் சீனாபுரம் கட்சி, காரணம் கேக்காதீங்க.

ஸ்கூல்ல நன்னூலை நாம புணர்ச்சி விதிக்காக மட்டும் படிச்சு மறந்தோம். ஆனா அதன் தொடக்கத்துல இருக்கிற பாயிரம் வேற விஷயம் பேசுது: ஒரு நூல் எப்படி இருக்கணும், யார் சொல்லித்தரணும், யார் கேக்கணும். நூலுக்குப் பத்துக் குற்றம்னு பட்டியல் இருக்கு. இந்தப் பேச்சு தொல்காப்பியத்திலேயே உண்டு. நன்னூல் பட்டியல்ல முதல் குற்றம் குன்றக் கூறல், அதாவது தேவையானதை விட்டுட்டுச் சொல்றது. எங்க ‘கிளீன்’ வரி அதேதான். படிக்கிறவனை இதுவா அதுவான்னு குழப்புற மயங்க வைத்தலும் அதுலயே சேர்த்தி. ஒரே வரியில ரெண்டு குற்றம்!

மாணாக்கர் வகைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சொன்னதை மட்டும் திருப்பிச் சொல்றவன் கிளி. ஊத்துறது ஒழுகிப்போறவன் ஓட்டைக்குடம். ஒரு செடியில முழுசா மேயாம அங்கங்க நுனியைக் கடிக்கிறவன் ஆடு. ஏஜென்ட் ஒரே நாள்ல இந்த மூணாவும் இருக்கும். நீளமான வேலையில ஆரம்பத்துல சொன்னது அதன் நினைவுல இருந்து ஒழுகிரும். ஒரு ஃபைல்ல பாதியைப் படிச்சுட்டு மீதியை ஊகிக்கும்.

இப்போ 1971-க்கு வருவோம். பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் கையேட்டை வெளியிடுறாங்க. தேதி நவம்பர் 3. ஒவ்வொரு கமாண்டுக்கும் ஒரே அச்சு: பெயர், எப்படி அழைக்கணும், என்ன செய்யும், எந்த ஃபைலைத் தொடும், அப்புறம் ‘பக்ஸ்’. தன் டூல் எங்க சொதப்பும்னு எழுதினவங்களே ஒத்துக்கிறாங்க பாருங்க, அது பெரிய நேர்மை. அந்த ஒரே மாதிரியான அச்சு இன்னிக்கு ஏஜென்ட்டுக்கும் வசதியா இருக்கு.

மனுசங்களுக்கு அரைகுறையா எழுதினாலும் ஓடிச்சு, ஏன்னா பக்கத்து சீட்டுல கேட்டுக்கலாம், இல்லேன்னா டீக்கடையில கேட்டுக்கலாம். ஏஜென்ட்டுக்கு எழுத்துல இருக்கிறது மட்டும்தான் உலகம். அதனாலதான் 2024 செப்டம்பர்ல ஜெரமி ஹோவர்ட் ‘எல்எல்எம்ஸ் டாட் டிஎக்ஸ்டி’னு ஒரு யோசனை சொன்னார்: வெப்சைட்ல எது எங்க இருக்குன்னு மாடலுக்குப் புரியுற சின்னப் பொருளடக்கம். அதே நவம்பர்ல ஆந்த்ரோபிக் எம்சிபி வெளியிட்டது. அதில் ஒவ்வொரு டூலும் தன் பெயர், விளக்கம், என்னென்ன கொடுக்கணும்ங்கிறதைத் தானே அறிவிக்கும். அந்த விளக்கத்தைப் படிச்சுத்தான் மாடல் எந்த டூலை எடுக்கலாம்னு முடிவு பண்ணும்.

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் நான் பயந்துபோய் பன்னிரண்டு பக்கம் எழுதினேன். அதுவும் வேலைக்கு ஆகல. முக்கியமான எச்சரிக்கை நடுவுல மாட்டிக்கிட்டு ஏஜென்ட் கண்ணுல படவே இல்ல. மிகைபடக் கூறல், அதுவும் பட்டியல்ல இருக்கு! நன்னூல் உரையையே ரெண்டா பிரிக்குது: கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு, கேள்வி பதில்னு சுருக்கமா இருக்கிற காண்டிகை, விரிவா போற விருத்தி. நானும் அப்படியே பிரிச்சேன். ஏஜென்ட் எப்பவும் படிக்கிறது ஒரு பக்கம். மீதி வேணும்போது மட்டும் திறக்கிற தனி ஃபைல்.

‘கிளீன்’ வரி இப்போ இப்படி இருக்கு: “கொடுத்த நிதியாண்டின் பதிவுகளை மட்டும் நீக்கும். திரும்ப எடுக்க முடியாது. எ.கா: கிளீன் 2023-24.” வருஷம் கொடுக்கலேன்னா கமாண்ட் ஓடாது, என்ன விட்டுப்போச்சு, எப்படிக் கொடுக்கணும்னு எர்ரர் மெசேஜே சொல்லும். ஏஜென்ட் கையேட்டைப் படிக்காமப் போனாலும் எர்ரரைப் படிக்காமப் போகாது. நான் பாத்த வரைக்கும் டாக்குமென்டேஷனில் ரொம்ப வேலை செய்ற இடம் அதுதான். கணக்கு அண்ணன்கிட்ட புது வரியைப் படிச்சுக் காட்டினேன். “இதை அப்பவே எழுதியிருக்கலாமே”ன்னார்.

சீனாபுரம் பக்கம் போறவங்க, விஜயமங்கலத்துல இருக்கிற பழைய சமணக் கோயிலையும் ஒரு எட்டு பாத்துட்டு வாங்க.