ஏப்ரல் 14: யாருக்கு விடுமுறை?

புதுச்சேரியில் எந்த வீட்டு நாள்காட்டியைப் புரட்டினாலும் ஏப்ரல் 14 சிவப்பில் இருக்கும். கீழே இரண்டு காரணங்கள் அச்சாகியிருக்கும்: தமிழ்ப் புத்தாண்டு, அம்பேத்கர் பிறந்தநாள். ஒரே தாளில் இரண்டும் இருந்தாலும் ஒரே தெருவில் இரண்டும் இருப்பது அரிது. ஒரு தெருவில் வாசல்தோறும் மாவிலைத் தோரணம். வேறொரு தெருவில் நீலக்கொடியும் ஒலிபெருக்கியும். எந்தத் தெருவில் எது என்பதை ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலாமாண்டு மாணவிகளிடம் இந்த விடுமுறை எதற்கு என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன். "வருஷப் பிறப்புக்குத்தானே மேம்?" என்பதுதான் வகுப்பின் பொதுவான பதில். அம்பேத்கரின் பெயரைச் சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் பக்கத்தில் இருப்பவளை ஒருமுறை பார்த்துவிட்டு, சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் பன்னிரண்டு முறை இந்த விடுமுறையைப் பெற்றவர்கள் இவர்கள். அந்தப் பெயரை உரக்கச் சொல்லும் துணிவைக்கூடத் தராத பள்ளி, அந்த நாளை என்னவாகக் கடைப்பிடித்தது? உரிமைக்காகப் போராடியவர்களின் நாள்களைப் பள்ளிகள் எப்படி நினைவுகூர வேண்டும் என்ற கேள்வியை இங்கிருந்தே தொடங்க விரும்புகிறேன்.

முதலில் விடுமுறை என்ற சொல்லைப் பார்ப்போம். அன்று பள்ளி இல்லை, அலுவலகம் இல்லை. ஆனால் அடுக்களை உண்டு. புத்தாண்டு கொண்டாடும் வீடுகளில் மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ரசம், வடை, பாயசம் என்று விடிகாலையிலேயே அடுப்பு எரியத் தொடங்கும். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மற்ற நாள்களில் இல்லாத வேலை அன்று கூடுதலாக வரும். பள்ளிக்குப் போகாத மகள் அம்மாவோடு தேங்காய் துருவுவாள். மகன் கிரிக்கெட் மட்டையோடு கடற்கரைக்குப் போவான். நீலக்கொடி ஏறும் தெருவிலும் மேடையில் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அன்னதானத்துக்குக் காய் நறுக்குபவர்கள் பெண்கள். ஆக, அம்பேத்கர் பெயரால் அரசு தரும் விடுமுறை எந்தத் தெருவிலும் பெண்ணுக்கு முழுதாக வந்து சேர்வதில்லை.

இது வெறும் வேடிக்கை அல்ல. ஏனெனில் பெண்களின் உரிமைக்காகப் பதவியை விட்டு இறங்கியவர் அவர். 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளர்களுக்கான மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1942 ஜூலையில் நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில் கலந்துகொண்டார். விடுதலைக்குப் பின் சட்ட அமைச்சராக இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை முன்னெடுத்தார். மகளுக்குச் சொத்தில் பங்கு, பெண் தன் சொத்தைத் தன் விருப்பப்படி ஆளும் உரிமை, மணமுறிவு, ஒருவனுக்கு ஒரு மனைவி என்னும் விதி ஆகியவை அதில் இருந்தன. நாடாளுமன்றத்துக்கு உள்ளேயும் வெளியேயும் கடும் எதிர்ப்பு எழுந்தது. மசோதா கிடப்பில் போடப்பட்டது. 1951 செப்டம்பரில் அவர் அமைச்சரவையிலிருந்து விலகினார். விலகலுக்கு அவர் சொன்ன காரணங்களில் அந்த மசோதா கைவிடப்பட்டதும் முக்கியமானது. 1955, 1956 ஆண்டுகளில் அது நான்கு தனிச் சட்டங்களாகத் துண்டு துண்டாக நிறைவேறியது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை என்பது நாடு முழுவதற்குமான சட்டமாக 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பள்ளி விழாக்களில் இதில் எது பேசப்படுகிறது? சட்ட மேதை, ஏழ்மையில் படித்தவர், வெளிநாட்டில் பட்டம் பெற்றவர் என்ற மூன்று வரிகளுக்குள் உரை முடிந்துவிடுகிறது. நீலக் கோட்டு, வட்டக் கண்ணாடி, கையில் ஒரு தடித்த புத்தகம் என்று ஒரு சிறுவன் வேடமிட்டு நிற்பான். சிறுமிகள் வாசலில் கோலம் போட்டு, விருந்தினருக்குச் சந்தனமும் கற்கண்டும் நீட்டுவார்கள். யாருடைய விடுதலைக்காக அந்த மனிதர் பதவியைத் துறந்தாரோ அவர்கள் தட்டேந்தி நிற்பதை யாரும் கவனிப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் முன்பு பணியாற்றிய ஒரு கல்வி நிறுவனத்தில் அம்பேத்கர் விழாவில் பேசுவதற்கு ஒவ்வோர் ஆண்டும் தலித் மாணவி ஒருத்தியையே தேர்ந்தெடுப்பார்கள். நல்லெண்ணத்தோடுதான். ஒருமுறை அப்படித் தேர்வான மாணவி என்னிடம் வந்து, "மேம், பாரதி விழாவுக்கு என்னைக் கூப்பிட மாட்டாங்களா?" என்று கேட்டாள். சமத்துவம் பேச வந்த நாளிலேயே ஒரு பெண்ணின் சாதியை மேடையேற்றிக் காட்டிவிடுகிறோம். சாதியைப் பற்றிப் பேச வேண்டிய கடமை அதனால் பலன் பெற்றவர்களுக்குத்தான் முதலில் உண்டு.

அப்படியானால் விடுமுறையே வேண்டாமா? 2017 ஏப்ரலில் உத்தரப் பிரதேச அரசு, தலைவர்களின் பிறந்தநாள், நினைவுநாள்களுக்கு விடப்பட்டிருந்த 15 பொது விடுமுறைகளை ரத்து செய்தது. அந்நாள்களில் பள்ளிகள் திறந்திருக்க வேண்டும், அந்தத் தலைவரைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்றது. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் பொது விடுமுறை என்பது ஓய்வு மட்டுமல்ல, அரசின் அங்கீகாரமும்கூட. நெடுங்காலம் ஊருக்கு வெளியே வைக்கப்பட்ட மக்களுக்குத் தங்கள் தலைவரின் பெயரால் ஊரே கதவடைக்கும் நாளுக்கு ஒரு பொருள் உண்டு. அதைப் பிடுங்கிக்கொண்டு ஒரு மணி நேரப் பாடத்தைத் தருவது சரியான பண்டமாற்று ஆகாது.

அமெரிக்காவில் இந்த அங்கீகாரத்தைப் பெறவே பதினைந்து ஆண்டுகள் ஆயின. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட நான்காம் நாள், அவர் பெயரில் விடுமுறை கோரும் மசோதா கொண்டுவரப்பட்டது. 1983இல்தான் அது சட்டமானது. 1986 ஜனவரியில் முதன்முறையாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அவருடைய மனைவி கொரெட்டா ஸ்காட் கிங் அதற்காக விடாமல் உழைத்தார். 1994இல் அந்த நாளைச் சமூகப் பணிக்கான நாளாகவும் ஆக்கினார்கள். ஆயினும் அங்கும் கதை ஒற்றை ஆணின் கதையாகச் சுருங்கிவிடுகிறது. மான்ட்கோமரி நகரில் 1955 மார்ச்சில் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான கிளாடெட் கால்வின் பதினைந்து வயதுப் பள்ளி மாணவி. ரோசா பார்க்ஸ் கைதானது அந்த ஆண்டு டிசம்பரில்தான். பார்க்ஸ் கைதான இரவில் பேருந்துப் புறக்கணிப்புக்கான துண்டறிக்கைகளை ஆயிரக்கணக்கில் அச்சிட்டவர் ஜோ ஆன் ராபின்சன் என்னும் கல்லூரி ஆசிரியை. உடன் உழைத்தவர்களில் இரண்டு மாணவர்களும் இருந்தார்கள். கிங்கின் நாளில் இந்தப் பெயர்களைச் சொல்லாத பள்ளி, போராட்டம் எப்படி நடக்கிறது என்பதையே சொல்லித்தராத பள்ளி.

தமிழ்நாட்டில் பெரியாரின் பிறந்தநாளான செப்டம்பர் 17ஐ 2021இல் சமூகநீதி நாளாகவும், அம்பேத்கரின் பிறந்தநாளை 2022இல் சமத்துவ நாளாகவும் அரசு அறிவித்தது. உறுதிமொழி எடுக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தது. இதை வரவேற்கிறேன். ஆனால் உறுதிமொழி என்பது எல்லோரும் ஒரே குரலில் சொல்லி, ஒரே நேரத்தில் கையை இறக்கும் செயல். அதில் கேள்வி கேட்க இடமில்லை. இந்தத் தலைவர்கள் எல்லோரும் கேள்வி கேட்டு வளர்ந்தவர்கள்.

கேள்விகளுக்கு எங்கள் ஊரிலேயே இடம் இருக்கிறது. 1873இல் பொன்னுத்தம்பி என்ற வழக்கறிஞர் ஐரோப்பிய முறையில் காலணி அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் வந்தது குற்றமாக்கப்பட்டது. அவர் பாரிசின் உச்ச நீதிமன்றம்வரை சென்று வென்றார். பின்னர் லபோர்த் என்ற பெயரை ஏற்றார். 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, இந்தியர்கள் தங்கள் சாதி, சமய வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வரலாம் என்று ஆனது. அப்படி வந்தவர்களை ரெனோன்சான்கள் என்கிறோம். சாதி அடையாளத்தை விட்டு வெளியேற ஒரு கதவாக அது பலருக்கும் பட்டது.

ஆனால் ஆணையின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். துறப்பவர் மட்டுமல்ல, அவருடைய மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் அதனால் புதிய சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்களாவார்கள். அன்றைய பிரெஞ்சுக் குடிமைச் சட்டமோ மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதிவைத்திருந்த சட்டம். அந்த விதி 1938இல்தான் நீங்கியது. ஒரு வீட்டில் ஆண் ஒரு கட்டிலிருந்து விடுபட்ட அதே நாளில், பெண் ஒரு கட்டிலிருந்து இன்னொரு கட்டுக்கு மாறினாள். 1963இல் இந்துத் திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தபோதும் ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கு எழுதப்பட்டது. பொன்னுத்தம்பியின் காலணியைப் பற்றிச் சொல்லும் ஆசிரியர், இந்த இரண்டாம் பாதியையும் சொன்னால் அது வரலாற்றுப் பாடம்.

ஜூலை 30ஐயும் எடுத்துக்கொள்வோம். 1936இல் அன்று சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு அரசின் ஆயுதப்படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையா முன்னின்று நடத்திய அந்தப் போராட்டத்தின் பலனாக 1937இல் தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலையும் சங்கம் சேரும் உரிமையும் கிடைத்தன. தொழிற்சங்கங்கள் ஆண்டுதோறும் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகின்றன. நான் கேட்ட அஞ்சலி உரைகளில் பன்னிரண்டு பேரின் தியாகம் வருகிறது. அந்தப் பன்னிரண்டு வீடுகளில் மறுநாள் உலை வைத்தவள் யார், கூலியில்லாத அந்த மாதங்களில் பிள்ளைகளைப் பட்டினியிலிருந்து காத்தவள் யார் என்பது வருவதில்லை. எட்டு மணி நேர வேலை என்ற உரிமையும் ஆலை வாசலோடு நின்றுவிட்டது. வீட்டுக்குள் அது இன்னும் வரவில்லை. அதே ஜூலை 30தான், 1886இல், முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்த நாள். ஆண்கள் படித்த கல்லூரியில் இடம் பெறவே போராடி, மருத்துவராகி, சட்டமன்றத்துக்குள் சென்று தேவதாசி முறைக்கு எதிராக மசோதா கொண்டுவந்தவர் அவர். ஜூலை 30இல் பள்ளிகள் திறந்திருக்கின்றன. ஒரே காலைக் கூட்டத்தில் இரண்டு வரலாறுகளையும் சொல்லலாம். அதற்கு அரசாணை தேவையில்லை. ஓர் ஆசிரியை போதும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். ஏப்ரல் 14 விடுமுறையாகவே இருக்கட்டும். பாடம் அதற்கு முந்திய வேலைநாளில் நடக்கட்டும். எங்கள் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியபின் ஏப்ரல் என்பது ஆண்டின் தொடக்கம். தேர்வு நெருக்கடி என்று தட்டிக்கழிக்க முடியாது. அன்று வேடப் போட்டிக்குப் பதிலாக ஒரு சட்டப் பிரிவை எடுத்து வாசிக்கலாம். அரசமைப்பின் 15ஆம், 17ஆம் பிரிவுகள் எட்டாம் வகுப்புக்கு எட்டாதவை அல்ல. வாசித்தபின் இந்தப் பள்ளியையே கேள்விக்கு உட்படுத்தலாம். வகுப்பறையைப் பெருக்குவது யார்? கழிப்பறையைக் கழுவும் அக்காவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? மைதானம் மாலையில் யாருடையது? பெண்களைப் பேசவும் ஆண்பிள்ளைகளைக் கோலம் போடவும் சொன்னால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

வீட்டுக்கும் ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்பலாம்: நம் வீட்டில் நிலமோ வீடோ இருந்தால் அது யார் பேரில்? பாட்டிக்குப் பிறந்த வீட்டிலிருந்து என்ன வந்தது, அத்தைக்கு என்ன வந்தது, அம்மாவுக்கு என்ன வந்தது? பதிலை வகுப்பில் சொல்ல வேண்டாம். எந்தக் குழந்தையின் வீட்டு நிலையும் கரும்பலகைக்கு வரக் கூடாது. கேள்வி வீட்டுக்குள் போனால் போதும். தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் மகள், ஏப்ரல் 14 காலையில், அம்மாவிடம் அதைக் கேட்கட்டும். மட்டையோடு கிளம்பும் மகனும் நின்று கேட்கட்டும். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா 1951இல் நாடாளுமன்றத்தில் முடங்கியது இந்தக் கேள்விகளால்தான்.