ஏற்காட்டுக்கு வந்த காப்பிச் செடி

சேலத்துல காப்பி குடிக்கிறப்ப யாரும் சேர்வராயன் மலையை நிமிர்ந்து பார்க்கிறதில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தவர். கிரேஞ்ச் எஸ்டேட் அவருடையது. துரை பெயர் நிலைத்துவிட்டது. காடு திருத்திக் குழி வெட்டினவங்க பெயர் நான் படித்த எதிலும் இல்லை.

அராபிகா நிழல் கேட்கிற செடி. தண்டில் வெயில் விழுந்தால் துளைப்பான் வண்டு பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். புழு உள்ளே குடைய, செடி மஞ்சளாகி வாடும். அதற்காகத்தான் அந்த சில்வர் ஓக் மரங்கள். அதிலேயே மிளகுக்கொடியையும் ஏற்றிவிடுகிறார்கள். செடிக்குப் பூர்வீகம் எத்தியோப்பியா, மரத்துக்கு ஆஸ்திரேலியா. கொடி மட்டும் நம்ம பக்கத்து மலை!

பங்குனி சித்திரையில் ஒரு நல்ல மழை இறங்கினால் பத்து நாளுக்குள் தோட்டம் வெள்ளையாகப் பூத்துவிடும். அது தவறினால் கார்த்திகையில் பறிக்கப் பழம் சொற்பம்தான்.