முசுறுக்கு வந்த மரகதப் பெயர்

உரும்பிராயில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பறிக்கக் கொக்கத்தடி தூக்கியவர்களுக்கு முசுறை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கழுத்தில் விழுந்ததும் கடிக்கும். கடித்த இடத்திலேயே அடிவயிற்றை வளைத்து அமிலமும் பீச்சும். இந்தச் செந்நிற எறும்புக்கு விஞ்ஞானம் வைத்த பெயர் ஈகோபிலா ஸ்மராக்டினா. ஸ்மராக்டினா என்றால் மரகத நிறம். அதன் மூலமான கிரேக்கச் சொல்லும் நம் மரகதமும் உறவுச் சொற்கள்.

பெயருக்கு முன்பே முசுறு சந்தைக்கு வந்துவிட்டது. இன்றைய வட வியட்நாம் பகுதியில் பாய்ப்பைகளில் கூட்டோடு எறும்பு விற்றார்கள் என்கிறது கி.பி. 304இல் ஜி ஹான் எழுதியதாகச் சொல்லப்படும் சீன நூல். வாங்கியவர்கள் தோடை மரங்களில் விட்டார்கள். பூச்சியை எறும்பு பார்த்துக்கொண்டது.

1775இல் டென்மார்க்கு அறிஞர் ஃபப்ரீசியஸ் தம் நூலில் ஸ்மராக்டினா என்று பெயர் சூட்டினார். இந்தியப் பூச்சிகள் பலவற்றை அவருக்கு அனுப்பியவர் தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த கோனிக். ஃபப்ரீசியஸ் கையில் கிடைத்தது வேலைக்கார எறும்பல்ல, இராணி. முசுறின் இராணி பச்சை நிறம். மரகதம் வந்த வழி அதுதான். அதே நூலில், குக்கின் கப்பலில் சென்ற பேங்க்ஸ் அவுஸ்திரேலியாவில் சேகரித்த பச்சை எறும்பு விரெசென்ஸ் என்ற வேறு பெயர் பெற்றது. 1802இல் அறிஞர் லத்ரேய் ஆபிரிக்க எறும்பை லொங்கினோடா என்றார். ‘நீண்ட கணு’ என்று பொருள்.

பின்வந்தவர்கள் ஊசியில் குத்திய உடல்களை ஒப்பிட்டு, மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்தார்கள். ஆபிரிக்க எறும்பும் அவுஸ்திரேலிய எறும்பும் நம் முசுறின் துணையினங்களாயின. 1905இல் ஜேர்மன் விலங்கியலாளர் டொஃப்லைன், இலங்கையில் முசுறு தன் புழுவையே வாயில் பிடித்து, அதன் பட்டிழையால் இலைகளைத் தைப்பதைப் பார்த்து எழுதினார். தையல் மூன்று கண்டங்களிலும் ஒன்று; தைப்பவர் ஒன்றல்ல. 1922இல் அமெரிக்கரான வீலர் தம் கொங்கோ எறும்புகள் நூலில் லொங்கினோடாவைத் தனி இனமாகவே எழுதினார். இன்றும் அது தனி இனந்தான்.

கதை அங்கே முடியவில்லை. 2006இல் ஆய்வாளர் அசுமாவும் தோழர்களும் மரபணுவைப் படித்தபோது ஸ்மராக்டினாவுக்குள்ளேயே ஏழு கூட்டங்கள் தெரிந்தன. இந்தியக் கூட்டம் ஒன்று. அவுஸ்திரேலியா, நியூகினிக் கூட்டம் வேறொன்று.

ஓர் உயிர் தனி இனமா என்பதை ஒரே ஒரு செத்த உடல் சொல்லிவிடாது. ஊர் ஊராகப் பார்க்க வேண்டும். உங்கள் வளவு மாமரத்தில் முசுறுக்கூடு இருந்தால் கொளுத்தாமல் விடுங்கள். ஒருநாள் அதிலிருந்து பச்சைச் சிறகி ஒன்று வெளியே வரும். 1775இல் பெயர் பெற்றது அவள்தான்.