ஈழத்துப் படப்பிடிப்புத் தொழிலிற் பயிலுநர்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு கலைத்தொழிலின் வரலாற்றை எழுதப் புகுவோர், அத்தொழிலிற் பெயர் பெற்றோரை நிரற்படுத்துவதோடு அமைந்துவிடுதலே பெருவழக்கு. நெறியாளரின் பெயர் நிலைக்கின்றது. நடிகரின் முகம் நிலைக்கின்றது. விளக்கைத் தாங்கி நின்று தொழில் பயின்ற இளைஞனோ வரலாற்றுக்குப் புறம்பாகிவிடுகின்றான். மடு மாதாவின் ஆடி, ஆவணித் திருவிழாக்களிலே வீடியோக் கருவியுடன் நிற்கும் இளைஞரின் தொழில் இந்நாட்டில் எவ்வழி கற்கப்பட்டு வந்தது என வினவின், விடை நம்மை மதுரை, கொழும்பு, புனே எனப் பல ஊர்களுக்கு இட்டுச் செல்லும்.

பயிலுநர் முறை மன்னார்ப் பகுதிக்குப் புதிதன்று. நாட்டுக்கூத்தை இரவிரவாகப் பழக்கிய அண்ணாவியாரிடம் பிற்பாட்டுக்காரனாகச் சேர்ந்து, சிறு பாத்திரமேற்று, ஈற்றிலே தானே அண்ணாவியாரானவர் உண்டு. சம்பளமும் சான்றிதழும் அங்கில்லை. குருவின் கண்ணும் காதுமே தேர்வு மண்டபமாயிருந்தன. படப்பிடிப்புத் தொழிலிலும் நெடுங்காலம் இதுவே நடைமுறை.

ஆயின், கூத்துக்கு ஊர்தோறும் குரு இருந்தார், படத்துக்கு இருக்கவில்லை. 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமாகிய ‘கடவுணு பொரொந்துவ’ எஸ். எம். நாயகத்தால் மதுரைக் கலையகத்திலே தயாரிக்கப்பட்டதென்பது பலர் மறந்துவிட்ட செய்தி. 1948இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவு தோன்றியபோது அதற்குத் தலைமை தாங்க இத்தாலியரான யூலியோ பெத்ரோனி வந்தார். அவரின் பின் ஆங்கிலேயரான ரால்ஃப் கீன் வந்தார். கீனுக்கு உதவியாளராய் அமர்ந்தவரே லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். அங்கே தொழில் பழகிய பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், தொகுப்பாளர் டைட்டஸ் த சில்வா ஆகிய மூவரும் அரச வேலையை உதறி வெளியேறி எடுத்ததே 1956இல் வந்த ‘ரேகாவ’. பயிற்சிக்கூடமொன்று இருந்தமையாலன்றோ அதனை விட்டு வெளியேறவும் முடிந்தது! தமிழ்ப் படத்துறைக்கு வாய்க்காதது அத்தகைய கூடமேயாகும்.

வாய்ப்புத் தேடியவர் கடல் கடந்தனர். மட்டக்களப்பு அமிர்தகழியைச் சேர்ந்த பாலு மகேந்திரா, மாணவப் பருவத்திலே கித்துள்கலையில் டேவிட் லீன் படம்பிடித்ததைக் கண்டு அத்தொழிலில் மனம் பற்றியவர். புனேத் திரைப்பட நிறுவனத்தில் ஒளிப்பதிவு பயின்ற அவருடைய புகழ் இந்தியாவிலேயே விளைந்தது. பிற்காலத்திற் சென்னையில் அவரே பயிற்சிப் பட்டறை ஒன்றையும் அமைத்தார். ஈழத்திலோ, யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராயிருந்த தர்மசேன பத்திராஜ 1977இல் ‘பொன்மணி’யை நெறிப்படுத்தினார், பல்கலைக்கழகத்தாரும் எழுத்தாளரும் அதில் நடித்தனர். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘வாடைக்காற்று’ செங்கை ஆழியானின் நெடுந்தீவுக் கதை. எனினும் படமாக்கப்பட்டது மன்னார்த் தீவின் பேசாலைக் கரையில். இத்தகைய படப்பிடிப்பு ஒன்றிரண்டு கிழமைகளில் ஒரு கிராமத்தைக் கலையகமாக்கிவிடும்; குழு திரும்பியதும் கற்க விரும்பியவன் மீண்டுங் கடற்கரையிலே தனித்து நிற்பான்.

இதற்கு வேறொரு காரணமும் உண்டு. 35 மில்லிமீற்றர்ப் படச்சுருள் 1000 அடி ஏறத்தாழ 11 நிமிடமே ஓடும். இறக்குமதிச் சுருளை வீணாக்குதற்கு எந்தத் தயாரிப்பாளர் இசைவார்? ஆகவே பயிலுநன் ஆண்டுக்கணக்கிற் பெட்டி சுமந்தானேயன்றிக் கருவியைத் தொட்டானல்லன். வீடியோ இவ்வரணை உடைத்தது. மூன்று மணித்தியால நாடாவை எத்தனை முறையும் அழித்து மீளப் பதியலாம், பிழையே ஆசிரியனாயிற்று. 1982 மாசியில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியதன் பின் சிறு நகரங்களிலும் திருமண வீடியோ எடுப்போர் தோன்றினர். ஒரு பெட்டியில் ஓட்டி மற்றொன்றிற் பதிந்தே தொகுத்தனர். ஒவ்வொரு படியெடுப்பிலும் தெளிவு குன்றுமாதலின், எங்கே வெட்டுவது என்பதை முன்னரே மனத்திற் கணிக்கப் பழகினர். இன்றைய கணினித் தொகுப்பாளர் பலரிடம் அக்கணிப்பு இல்லை என்பது என் துணிபு.

இவ்விடத்தில் அரசியல் குறுக்கிடுகின்றது. 1983 ஆடியில் ஹெந்தளையிலிருந்த கே. குணரத்தினத்தின் விஜயா கலையகம் எரிக்கப்பட்டபோது கருவிகளும் மூலப்பிரதிகளும் ஒருங்கே அழிந்தன. வடக்கிலோ, 1980களின் நடுப்பகுதி தொடக்கம் விடுதலைப் புலிகளின் ‘நிதர்சனம்’ பிரிவே இளைஞர் பலருக்கு வீடியோக் கல்வி அளித்தது. அது போர்க்காலப் பிரசாரத்துக்குட்பட்ட கல்வி. அங்கு பயின்ற திறனை மறுப்பதும் நேர்மையன்று. அத்திறன் எதற்குப் பயன்பட்டது என்பதை மறைப்பதும் நேர்மையன்று.

எளிதில் அழித்து மீளப் பதியலாம் என்னும் அதே இயல்பு பழம் பதிவுகளுக்கு எமனுமாயிற்று. புதிய நாடா வாங்க வசதியற்றவன் பழைய திருவிழாவின் மேல் அடுத்த திருமணத்தைப் பதிந்தான். எஞ்சியவற்றைப் பூஞ்சணமும் இடப்பெயர்வும் தின்றன. 1990களில் மடுக் கோயில் வளாகமே அகதி முகாமாயிற்று. 2008 சித்திரையில் மாதாவின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு எடுத்துச்செல்லப்பட்ட நிலையில், வீட்டு நாடாவை எவர் சுமந்திருப்பார்?

அண்ணாவிமார் கொப்பிகளுக்கு ஒரு வித்தியானந்தன் கிடைத்தார். ‘என்றீக் எம்பரதோர்’, ‘மூவிராசாக்கள்’, ‘ஞானசவுந்தரி’ ஆகிய நாடகங்கள் 1964க்கும் 1967க்கும் இடையே அவராற் பதிப்பிக்கப்பட்டன. வீடியோ நாடாவுக்கோ காலம் குறுகியது. அதனை ஓட்டும் இயந்திரத்தின் இறுதி உற்பத்தியாளராகிய யப்பானிய ஃபுனாய் நிறுவனம் 2016 ஆடியில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மன்னாரில் எந்த வீட்டு அலுமாரியிலேனும் 1980களின் நாடா இருக்குமாயின், அதனைப் பார்ப்பதற்கு முதலிற் பழைய இயந்திரம் திருத்தத் தெரிந்த ஒருவரைத் தேடவேண்டும்.